ஆப்பசோடாவுக்குப் பொங்காத தேன்

1

எங்கள் வீட்டு அடுக்களை அலமாரியில் இன்றைய தேதிக்கு ஆறு விதமான பாகு இருக்கிறது. தேன் மட்டும் மூன்று வகை. பக்கத்தில் கோல்டன் சிரப் டப்பா ஒன்று, மேப்பிள் சிரப் ஒன்று, கருப்பட்டியை நானே காய்ச்சி வடிகட்டி ஊற்றிவைத்த குப்பி ஒன்று. சீனி என் டீயில் போடுவதற்கு மட்டும்தான். கேக்குக்குச் சீனி போடுவது, என் மகளைப் பொறுத்தவரை, யோசிக்கச் சோம்பேறித்தனப்படுகிறவர்கள் செய்கிற வேலை.

நியூசிலாந்தில், ஆக்லாந்துக்குத் தெற்கே, மாடுகள் அதிகமும் மனிதர்கள் குறைவுமான ஓர் ஊரில் இருக்கிறோம். நான் பால்பவுடர் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரம் பார்க்கிறேன். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகள் பதினொன்றாம் வகுப்பு. அவள் பெயர் உலகம்மாள், தென்காசிக் கோயில் அம்மனின் பெயர். பள்ளிக்கூடத்தில் அதை 'ஊலா' ஆக்கிவிட்டார்கள். இரண்டு வருஷம் ஒவ்வொரு டீச்சரிடமும் போய்த் திருத்திச் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது வருஷம் அவளே, "அப்பா, நீங்க வராதீங்க, நான் ஊலாவாவே இருந்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டாள். வீட்டில் மட்டும் உலகு.

போன வாரத்தோடு நாங்கள் இங்கே வந்து பதினெட்டு வருஷம். அதற்காக உலகு தேன் கேக் செய்தாள். தேனைக் கிண்ணத்தில் ஊற்றி லேசாகச் சூடாக்கி, ஒரு சிட்டிகை ஆப்பசோடாவைப் போட்டாள். புஸ்ஸென்று நுரைத்துக்கொண்டு மேலே வந்தது. நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்த இரண்டு பேராலும் நிறுத்த முடியவில்லை. மனைவி கரண்டியும் கையுமாக வந்து, அப்பனுக்கும் மகளுக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று கேட்டாள். அதுவரை அவளிடம் மறைத்துவைத்திருந்ததை அன்றைக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒருத்தியிடம் சொன்ன பிறகு ஊருக்குச் சொல்வதில் என்ன இருக்கிறது?

2

தேன் கேக் செய்யாதவர்களுக்காக மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

தேன் சீனியைவிட இனிப்பு. ஆகவே ஒரு கப் சீனிக்கு முக்கால் கப் தேன் போதும். அது தண்ணியாகவும் இருப்பதால், ஊற்றுகிற பாலைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். இது முதலாவது. தேன் சட்டென்று சிவந்து கருகும் என்பதால் ஓவன் சூட்டைக் கொஞ்சம் தணித்து வைக்க வேண்டும். இது இரண்டாவது. மூன்றாவதுதான் முக்கியம். நல்ல தேனுக்குள் நாக்குக்குத் தெரியாத ஒரு புளிப்பு உண்டு. ஆப்பசோடாவைப் போட்டால் அந்தப் புளிப்போடு சேர்ந்து நுரைக்கும். அந்த நுரைதான் கேக்கைத் தூக்கிவிடுகிறது.

இந்த மூன்றையும் எனக்குச் சொல்லித் தந்தவள் உலகு. அதற்கு முன்னால் நானாக ஒரு தேன் கேக் செய்தேன். சீனி எவ்வளவோ அவ்வளவு தேன், பால் குறைக்கவில்லை, சூடு குறைக்கவில்லை. வெளியே கரிக்கட்டை, உள்ளே கஞ்சி. "பேக்கிங் ஒரு கெமிஸ்ட்ரிப்பா, பாயசம் இல்ல" என்றாள். இவள் வயதில் நான் என் அப்பாவிடம் இப்படிப் பேசியிருந்தால் முதுகு பழுத்திருக்கும்.

அந்த எரிச்சலில் வாயை விட்டேன். பிழை என்னுடையது இல்லை, தேனுடையது என்றேன். இந்த ஊர்த் தேனெல்லாம் ஒரு தேனா, எங்கள் குற்றாலத்து மலைத்தேனை ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் தெரியும் என்று அளந்தேன். ஒரு தடவை சொல்லியிருந்தால் பரவாயில்லை. ஐந்தாறு வருஷமாக, அவள் கேக் செய்யும்போதெல்லாம் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அவளும் மனசில் குறித்து வைத்துக்கொண்டாள். போன வருஷம் ஜூலை விடுமுறைக்குத் தென்காசி போவதென்று முடிவானது. மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் உலகுவும் மட்டும். பெட்டி கட்டும்போது அளவுக் கரண்டிகளையும் கப்புகளையும் துணிக்கு நடுவில் சொருகினாள். எதற்கு என்று கேட்டேன். பெரியப்பாவுக்குக் குற்றாலத் தேனிலேயே கேக் செய்து தரப்போவதாகச் சொன்னாள்.

3

பெரியப்பா என்பது என் அண்ணன். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அரசாங்க வேலையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் நிலம் வாங்குவதா, மாடு வாங்குவதா, மாப்பிள்ளை பார்ப்பதா, தெருவே அவரைக் கேட்டுத்தான் செய்யும். ஓய்வு பெற்றதும் அவருக்கு ஏதோ திருஷ்டி பட்டதுபோல ஆயிற்று. வாங்கியதெல்லாம் சொதப்பல். ஒட்டு மாங்கன்று என்று ஒன்றை வாங்கி நட்டார். நாலு வருஷம் கழித்துக் காய்த்தது, அணில்கூடக் கடித்துவிட்டுக் கீழே போட்டது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கிறதென்று ஒரு கூடை தக்காளி வாங்கினார். மேல் வரிசை மட்டும் தக்காளி, கீழே குழம்பு.

சென்னையில் இருக்கிற அவருடைய இரண்டு பையன்களும் பார்த்தார்கள். அப்பா இனிமேல் எதையும் வாங்க வேண்டாம், நாங்கள் ஆன்லைனில் போட்டுவிடுகிறோம் என்றார்கள். பிள்ளைகள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். உப்பு முதல் விளக்குமாறு வரை கூரியரில் வர ஆரம்பித்தது. அண்ணன் தன் செருப்பைக்கூடக் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

மிஞ்சியது தேன் ஒன்றுதான். சாரல் விழ ஆரம்பித்தால் ஐந்தருவி போகிற வழியில் ஒருவர் தகர டின்னோடு உட்காருவார். டின்னில் தேனடை மிதக்கும், அதன்மேல் நாலு தேனீ உட்கார்ந்திருக்கும். அண்ணன் பஸ் ஏறிப் போய் அவரோடு ஒரு மணி நேரம் பேசி, ஒரு சொட்டைப் பேப்பரில் விட்டு ஊறுகிறதா என்று பார்த்து, தண்ணீரில் விட்டுக் கரைகிறதா என்று பார்த்து, திரியை நனைத்துப் பற்றவைத்துப் பார்த்து, பிறகு பத்துப் பன்னிரண்டு பாட்டில் வாங்குவார். செங்கோட்டையில் இருக்கிற சம்பந்தி வீடு, டாக்டர், கோயில் ஐயர், பழைய அலுவலக நண்பர்கள் என்று எல்லாருக்கும் போகும். தேன் விஷயத்தில் மட்டும் இன்றைக்கும் நாலு பேர் அவரிடம் கேட்டு வருகிறார்கள்.

அண்ணன் மனைவியான என் மதினிக்கு அந்தத் தேன்மீது நம்பிக்கையே கிடையாது. நாங்கள் போய் இறங்கிய அன்றே அடுக்களையில் வைத்து என்னிடம் ரகசியமாகச் சொன்னார். "அது தேனே இல்ல தம்பி, சீனிப்பாகு. நெசம் தெரிஞ்சா மனுசன் ஒடஞ்சு போவாருன்னு பேசாம இருக்கேன். ஆனா ஒருநாள் இல்ல ஒருநாள் நான் சொல்லத்தான் போறேன்."

மதினி இதைப் பதினைந்து வருஷமாகச் சொல்லிவருகிறார் என்பதால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

4

அண்ணன் வீட்டில் ஓவன் உண்டு. பையன்கள் எப்போதோ வாங்கி அனுப்பியது. மதினி அதில் அப்பளக் கட்டு வைத்திருந்தார். அப்பளத்தை வெளியேற்றி, கரப்பானை வெளியேற்றி, மின்சாரம் ஏறி இறங்குவதைப் பார்த்துப் பார்த்து, உலகு கேக்கை உள்ளே வைத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் அண்ணனின் பழைய சிநேகிதர்கள் மூன்று பேர் வருவதாக இருந்தது. சாதாரணமாக வரவில்லை, வெளிநாட்டிலிருந்து தம்பி மகள் வந்து நம்ம தேனில் கேக் செய்கிறாள் என்று அண்ணன் போன் போட்டு வரவழைத்திருந்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து வெளியே எடுத்தால் கேக் தோசைக்கல் கனத்தில் தட்டையாகக் கிடந்தது. ஒரு விள்ளல் வாயில் போட்டேன். துணி சோப்பைக் கடித்ததுபோல இருந்தது.

உலகு அழவில்லை. அவள் அந்த ரகம் இல்லை. தன் நோட்டை எடுத்து அளவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். எல்லாம் சரி. பிறகு என்னை நாட்டுமருந்துக் கடைக்கு அனுப்பி ஒரு சின்னக் குப்பி தேன் வாங்கிவரச் சொன்னாள். இரண்டு டம்ளர் வைத்தாள். ஒன்றில் கடைத் தேன், மற்றதில் அண்ணனின் தேன். இரண்டிலும் கொஞ்சம் வெந்நீர், ஒவ்வொரு சிட்டிகை ஆப்பசோடா. கடைத் தேன் நுரைத்துக்கொண்டு விளிம்புக்கு வந்தது. அண்ணனின் தேன் சும்மா கிடந்தது. இன்னொரு சிட்டிகை போட்டாள். அதுவும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"அப்பா, இது தேன் இல்ல" என்றாள்.

சோடா கலந்த டம்ளரை வைத்து ஒருவருக்குத் தீர்ப்பு எழுதிவிட முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் நான் இருபது தரம் நக்கிப் பார்த்த அந்தத் தேனில் சீனியின் ருசி மட்டும்தான் இருந்தது என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது. பேப்பர், தண்ணீர், திரி என்று அண்ணன் வைத்த பரீட்சை எல்லாவற்றிலும் கெட்டிப் பாகு பாஸாகிவிடும். ஈக்கும் எறும்புக்கும் சொல்லவே வேண்டாம்.

உலகு டம்ளர்களைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குக் கிளம்பினாள். அங்கே அண்ணன் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் குறுக்கே நின்றேன்.

"பெரியப்பாட்ட சொல்லணும்பா. அந்த ஆளு அவங்கள ஏமாத்துதாரு."

சரிதான். அவள் வளர்ந்த ஊரில் அப்படித்தான். தப்பு என்றால் நேரே போய்ச் சொல்லிவிட வேண்டும், கேட்டவர் நன்றி சொல்ல வேண்டும். நான் மாங்கன்றிலிருந்து ஆரம்பித்தேன். தக்காளிக் கூடை, கூரியரில் வரும் செருப்பு, பையன்கள், மதினி, எல்லாம் சொன்னேன். "இப்ப அவங்க கையில மிச்சம் இருக்கது இந்தத் தேன் ஒண்ணுதான் உலகு. இதையும் நாம பிடுங்கிட்டா அவங்க எதைச் செய்வாங்க?"

"அப்போ பொய் சொல்லணுமா?"

அவள் டம்ளர்களைக் கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டு, கேக்கைத் துண்டு போட ஆரம்பித்தாள். வாசலில் போய் என்ன சொல்லப்போகிறாளோ என்று எனக்குப் பயம். இந்தப் பிள்ளைக்குப் பொய்யே வராது. நியூசிலாந்தில் ஒருமுறை பஸ்ஸில் டிக்கெட் இயந்திரம் வேலை செய்யாததால் காசு கொடுக்காமல் வந்துவிட்டு, மறுநாள் போய் டிரைவரிடம் கொடுத்துவிட்டு வந்தவள்.

5

நண்பர்கள் வந்து உட்கார்ந்தார்கள். சென்னைப் பையன்கள் இரண்டு பேரும் வீடியோவில் வந்தார்கள். கேக் தட்டு சுற்றி வந்தது. மூன்று பெரியவர்களும் ஆளுக்கொரு துண்டு வாயில் போட்டுவிட்டு, விழுங்குவதா வேண்டாமா என்று உத்தரத்தைப் பார்த்தார்கள். அண்ணன் மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். அவர் முகம் தொங்கிவிட்டது.

மதினி ஒரு துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அவ்வளவு இனிமையான குரலில் கேட்டார். "ஏட்டி உலகு, மாவு அரிச்சது நான். முட்டை நம்ம வீட்டுக் கோழி. பின்ன எதுல கோளாறு?"

பதினைந்து வருஷமாகக் காத்திருந்த நாள் வந்துவிட்டது என்று மதினியின் கண் சொன்னது. பையன்களும் போனுக்குள்ளிருந்து காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

உலகு எழுந்து நின்றாள். "தேன் நல்ல தேன்தான் பெரியம்மா. நான்தான் ஆப்பசோடாவ அள்ளிப் போட்டுட்டேன். எங்க வீட்டுக் கரண்டின்னு நெனச்சு கணக்குத் தப்பிட்டு. நல்ல தேன வீணாக்கிட்டேன் பெரியப்பா, மன்னிச்சிருங்க."

ஒரு கேக் சரியாக வரவில்லை என்றால் உலகம் முழுவதையும் குற்றம் சொல்கிற பிள்ளை. தன் கைமேல் ஒரு பிழை இருந்ததென்று வாழ்நாளில் ஒத்துக்கொண்டதில்லை. அதுவும் அளவுக் கரண்டியை நியூசிலாந்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்தவள். 'கணக்குத் தப்பிட்டு' என்பது அண்ணன் அடிக்கடி சொல்வது, இவளுக்கு எங்கிருந்து வந்தது? ஞாயிற்றுக்கிழமை தோறும் பெரியப்பாவோடு போனில் பேசியதில் ஒட்டிக்கொண்டதுதான். இந்தப் பிள்ளை நம்மை விட்டு விலகிப் போய்விட்டாள் என்று நான் வருஷக்கணக்காகப் புலம்பியதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

அண்ணனுக்கு மூச்சு வந்தது. "சின்னப் பிள்ளைதான, கை பழகணும்லா" என்று நண்பர்களிடம் சொன்னார். அவர்களும் தண்ணீர் குடித்துக்கொண்டே ஆமா ஆமா என்றார்கள். மதினி கையில் இருந்த துண்டைக் கோழிக்குப் போட்டார். கோழி அதைத் தொடவில்லை.

அதோடு விட்டிருந்தால் நல்லது. மறுநாள் காலையிலேயே அண்ணன் குற்றாலம் போய் நாலு பாட்டில் தேனோடு வந்தார். உலகு ஊரில் வைத்து நிதானமாகச் செய்து பார்க்க வேண்டுமாம்.

6

நியூசிலாந்துக்குள் யாரும் தேன் கொண்டுபோகக் கூடாது. அங்குள்ள தேனீக்களுக்கு நோய் வந்துவிடும் என்று சட்டமே இருக்கிறது. அண்ணனிடம் சொன்னேன். "தேனத் தடுப்பானா? அதென்ன கஞ்சாவாலே?" என்றார். நாலு பாட்டிலையும் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றி, மேலே பாலித்தீன் சுற்றி, அதற்கு மேல் டேப் ஒட்டி, பெட்டியில் தானே அடுக்கினார். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குக் காரில் கூடவே வந்தார். புளியறை செக்போஸ்ட் தாண்டி மலைப்பாதை வந்ததும் டிரைவரிடம் மெதுவாக ஓட்டச் சொன்னார், பாட்டில் குலுங்குமாம்.

ஆக்லாந்தில் இறங்கினோம். உணவுப் பொருள் இருக்கிறதா என்ற கேள்விக்கு உலகு விமானத்திலேயே 'ஆம்' என்று டிக் அடித்திருந்தாள். அதில் மட்டும் அவளிடம் பேச்சுக்கே இடமில்லை. சோதனை மேஜையில் கையுறை போட்ட ஒரு பெண் அதிகாரி. அண்ணன் ஒட்டிய டேப்பைப் பிரிக்க அவருக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று, கத்திரிக்கோல் ஒன்று மழுங்கியது. கடைசி வேட்டித் துண்டும் விலகி, பொன்னிறத்தில் பாட்டில் வெளியே வந்தது. இது என்ன என்று கேட்டார்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சீனிப்பாகு என்று சொன்னால் அதுதான் உண்மை, நாலு பாட்டிலும் வீட்டுக்கு வந்துவிடும். தேன் என்று சொன்னால் அது பொய், நாலும் குப்பைக்குப் போகும். தேனைக் கொண்டுபோகிறவர்கள் பாகு என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். பாகைக் கொண்டுவந்துவிட்டு, பொய் சொல்லிப் பறிகொடுக்கலாமா என்று யோசித்த ஆள் அந்த மேஜைமுன் நானாகத்தான் இருந்திருப்பேன்.

சுகர் சிரப் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. அண்ணன் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பாட்டில் அது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், இவ்வளவு தூரம் வந்து, என் அண்ணன் ஏமாந்தவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. உலகு என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"ஹனி" என்றேன்.

அந்த அம்மாள் உண்மையிலேயே வருத்தப்பட்டார். நல்ல தேனாகத் தெரிகிறது, மன்னிக்க வேண்டும், அழிக்கத்தான் வேண்டும் என்றார். சரி என்றேன். பாட்டில்கள் ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் போயின. அப்போதுதான் என் மகள் குறுக்கிட்டு, மிகுந்த மரியாதையோடு, பறிமுதல் செய்ததற்கு எழுத்தில் ஏதாவது கொடுக்க முடியுமா என்று கேட்டாள். கொடுத்தார்கள். பொருள்: தேன். அளவு: நான்கு பாட்டில். வந்த நாடு: இந்தியா. நடவடிக்கை: அழிக்கப்பட்டது. கீழே கையெழுத்து, முத்திரை.

7

டாக்ஸியில் ஏறுவதற்கு முன்பே உலகு அந்தத் தாளைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டாள்.

பையன்கள் இருவரும் ஒன்றும் எழுதவில்லை. மதினி மட்டும் உடனே போன் செய்தார். அதில் தேன் என்றுதான் போட்டிருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டார். ஆமாம் மதினி என்றேன். பிறகு சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அண்ணன் அந்தப் படத்தைக் கலரில் அச்செடுத்து லேமினேட் செய்து கூடத்தில் மாட்டியிருக்கிறார். ஒரு பிரதியை ஐந்தருவித் தேன்காரருக்கும் கொடுத்திருக்கிறார். அவர் அதைத் தகர டின்னிலேயே ஒட்டிவிட்டார் என்றும், பாட்டில் விலையை ஏற்றிவிட்டார் என்றும் கேள்வி. இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது. குற்றாலம் போகிறவர்கள் அந்த டின்னைக் கண்டால் கையில் கொஞ்சம் ஆப்பசோடாவோடு போங்கள்.

இதை எழுதி அனுப்புகிற பத்திரிகை அண்ணன் வீட்டுக்கும் வரும். அண்ணன் அதில் மழை நிலவரமும் அணை நீர்மட்டமும் தவிர வேறு படிக்க மாட்டார். மதினி ஒரு வரி விடாமல் படிப்பார். மதினி, இதுவரை படித்துவிட்டீர்கள் என்றால் ஒரு காரியம் செய்யுங்கள். இந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள். நீங்கள் சொன்னதுதான் சரி. பதினைந்து வருஷமும் நீங்கள் சொன்னதுதான் சரி. உங்கள் காலில் விழுகிறேன்.

ஏன் இப்படிக் கெஞ்சுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வந்து சேர்ந்த இரண்டாம் நாள், குழுவில் இல்லாமல் எனக்குத் தனியாக, அண்ணனிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது.

"ஏலே, ஒண்ணு சொல்லுதேன், மதினிட்ட சொல்லிராத. எனக்கே ரெண்டு வருசமா அந்தத் தேன் மேல ஒரு சந்தேகம் இருந்துச்சு பாத்துக்கோ. யார்ட்டயும் சொல்லல. வாங்கியாந்து வச்சிட்டு பயந்து பயந்துதான் நக்கிப் பாப்பேன். நம்ம புத்தி மழுங்கிட்டோ, பிள்ளையள் சொல்லுததுதான் சரியோன்னு ஒரே ரோசன. அந்த நாட்டுக்காரன் முத்திர குத்திக் குடுத்துட்டாம்லா. இப்ப அந்தப் பயம் போயிட்டுலே."

நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உலகு எனக்குப் பின்னால் மாவுக் கையோடு நின்றிருந்தது எனக்குத் தெரியாது. இன்னொரு தரம் போடுங்கப்பா என்றாள். போட்டேன்.